கீழே இறங்காத கூடை

இப்போதெல்லாம் ஜனங்கள் பிணத்தைப் பார்த்தால் வாயில் கை வைப்பதில்லை. போனைத்தான் எடுக்கிறார்கள்!

முன்பெல்லாம் ஒரு சாவு விழுந்தால் ஒருத்தன் தண்ணீர் கொண்டு வருவான். ஒருத்தன் குர்ஆன் ஓத ஆள் தேடி ஓடுவான். இப்போது ஆளுக்கொரு போன். துப்பாக்கி காட்டி மிரட்டப்பட்டவர்கள் மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். செத்தவளின் கண்ணை மூடிவிட ஒரு கைகூடக் காலியில்லை.

ஹாஜி ஷெஹாத்தா அவர்களை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாவது மாடி. பால்கனிக் கதவோரம் நாற்காலி.

நாற்காலியில் உம்மு வக்தி உட்கார்ந்திருந்தாள். தோளில் கறுப்புச் சால்வை. கழுத்தில் நீல நைலான் கயிறு... நாலு சுற்று.

கண்களைத் தானே மூடிவிட்டார் ஹாஜி.

அவருக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் வயசான பெண்கள் மாடி இறங்குவதில்லை. கூடைதான் இறங்கும். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை விட்டு, "ரொட்டி போடு, வெள்ளரி போடு" என்று குரல் கொடுப்பார்கள். கீழே இருப்பவன் போடுவான். கூடை மேலே போகும். காப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஹாஜியின் தலைக்கு மேல் காலையில் தவறாமல் இறங்குவது உம்மு வக்தியின் சிவப்பு பிளாஸ்டிக் கூடை. பச்சைக் கைப்பிடி. கைப்பிடி ஒடிந்த இடத்தில் துணி சுற்றியிருக்கும்.

இன்றைக்கு இறங்கவில்லை.

அவர் கீழேயிருந்து கத்திப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அலறினாள். துறைமுகத்தில் பஞ்சு மூட்டை சுமந்தே தேய்ந்துபோன முட்டியோடு அவர் மூன்று மாடி ஏறுவதற்குள், போன்கள் எல்லாம் ஏறிவிட்டன.

அந்த வட்டாரத்தில் இது நாலாவது. நாலும் விதவைகள். நாலும் தனியாக இருந்தவர்கள். நாலு பேர் கையிலும் போட்டிருந்த தங்க வளையல்களைக் காணோம்.

முதல் பிணத்துக்கு மாரடைப்பு என்று எழுதினார்கள். கழுத்தில் இருந்த கோட்டை 'சங்கிலித் தழும்பு' என்றார்கள். இரண்டாவது வீட்டில் போலீஸ் வருவதற்கு முன் சொந்தக்காரர்கள் தரையைக் கழுவினார்கள். வந்த பிறகு போலீஸே இன்னொரு தரம் கழுவியது... பூட்ஸ் வழுக்குகிறதாம்! மூன்றாவதுக்கு ஒரு மோப்ப நாய் வந்தது. நேராகக் கறிக்கடைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. கறிக்கடைக்காரனை மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள்.

நாலாவதுக்குப் போலீஸ் மேஜர் நஷாத் நேரிலேயே வந்தார். கறுப்புக் கண்ணாடி. வாசனைத் தைலம். பின்னால் ஏட்டு ஃபர்கலி.

ஃபர்கலியைத் தெருவுக்கே பிடிக்கும். குண்டு உடம்பு, குழந்தை முகம். இரண்டாவது கொலைக்குப் பிறகு மேஜரின் உத்தரவுப்படி வீடு வீடாகப் படியேறி, "யார் வந்து தட்டினாலும் கதவைத் திறக்காதீங்கம்மா" என்று விதவைகளுக்குப் புத்தி சொன்னது அவன்தான். இப்போது சால்வையை இழுத்து உம்மு வக்தியின் முகத்தை மூடினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் டீ போட்டான்.

செத்தவளின் அடுப்பில்... செத்தவளின் சர்க்கரையில்!

ஹாஜியிடமும் ஒரு கிளாஸை நீட்டினான். அவர் வாங்கவில்லை. கயிற்றின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஷா," என்றார் மேஜரிடம், அந்த ஊரில் பெரிய அதிகாரியைக் கூப்பிடும் மரியாதையோடு. "இது கூடைக் கயிறு."

"சரி."

"கயிறு இங்க இருக்கு. கூடை எங்க?"

மேஜர் கண்ணாடியைக் கழற்றி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஹாஜி... நாங்க கொலைகாரனைத் தேடுறோம். காய்கறிக் கூடையைத் தேடல. நேத்து கிழவி என்ன வாங்கினான்னு விசாரிக்கணும்னா சொல்லி அனுப்புறேன்."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். மேஜர் இரண்டாவது கிளாஸ் டீ கேட்டார்.

நேற்று சாயங்காலம் அந்தக் கூடையில் வெள்ளரிக்காயும் கீரையும் போட்டு மேலே அனுப்பியதே தான்தான் என்று சொல்ல ஹாஜி வாயெடுத்தார். அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் கதவுக்குப் பின்னால் எதையோ கண்டுபிடித்துவிட்டான்.

இஸ்திரி போட்ட அங்கி ஒன்று. ஆணியில் தொங்கியது.

"இந்தத் தெருவுல இஸ்திரி போடுறவன் யாரு?" என்றார் மேஜர்.

எல்லோரும் ஹாஜியைப் பார்த்தார்கள்.

இஸ்திரி போடுகிறவன் ரெதா. ஹாஜியின் ஒரே மகன்.

*

ரெதா இரண்டு நாளில் ஒப்புக்கொண்டான்.

நாலு கொலையையும் ஒப்புக்கொண்டான். இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் மாரடைப்பில் செத்தவர்களையும் ஒப்புக்கொண்டிருப்பான். அவன் கடையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை ஸ்டேஷனுக்கே கொண்டுபோயிருந்தார்கள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை... வெளியே வந்த பிறகு அவன் முதுகைப் பார்த்தவர்களும் கேட்கவில்லை.

ஹாஜி ஸ்டேஷனுக்குப் போனார். மூன்றாவது கொலை நடந்தபோது மகன் குடல்வால் அறுவை முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததைச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குக் கதவு இருக்குல்ல?" என்றார் மேஜர்.

"வயித்துல தையல் பாஷா. எந்திரிச்சு உட்காரவே முடியல."

"பார்த்தியா... எவ்வளவு கல்நெஞ்சுக்காரன்! தையலோட வந்திருக்கான்."

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் ஹாஜி. கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் எதிலும் போடமாட்டார். இப்போது ஒரு தாளை நீட்டினார்கள். மகன் சின்ன வயசிலிருந்தே முரடன் என்று எழுதியிருப்பதாக ஏட்டு ஃபர்கலி படித்துக் காட்டினான். 'போட்டுடுங்க மாமா, அடி குறையும்' என்று காதோடு சொன்னான். நல்ல மனுஷன் மாதிரிதான் சொன்னான்.

ஹாஜி தாளைத் திருப்பி வைத்தார்.

விசாரணைக் கைதிக்கு வெள்ளை உடுப்பு. தூக்குக்குப் போகிறவனுக்குச் சிவப்பு. ரெதா வெள்ளையில் நின்றான். வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவில் பாக்கி இருந்தது ஒரே ஒரு சடங்குதான்.

நடித்துக் காட்டுவது!

குற்றம் செய்தவனை அதே வீட்டுக்கு இழுத்துவந்து, எப்படிச் செய்தாய் என்று கேமரா முன்னால் செய்துகாட்டச் சொல்வார்கள். அது ஓடிவிட்டால் வழக்கு ஜெயித்த மாதிரி. அன்றிரவே டிவியில் வரும். நீதிபதியும் வீட்டில் டிவி பார்ப்பார்.

*

வெள்ளிக்கிழமை காலை. தொழுகைக்கு முன் முடிக்கவேண்டும்.

சந்து முழுக்கத் தலை. எதிர்வீட்டுப் பால்கனிகள் ஒடிந்து விழும் அளவுக்குக் கூட்டம். கையை நீட்டினால் தொடலாம் என்கிற அகலம்தான் சந்து. ஒவ்வொரு கையிலும் போன். நேர் எதிர்ப் பால்கனியில் தையல்காரி இஹ்ஸான் முன்வரிசையைப் பிடித்திருந்தாள். வெள்ளரி விதையைக் கொறித்துக்கொண்டே படம் பிடித்தாள்.

ஹாஜி அவளை ஒரு பார்வை பார்த்தார். தூ என்று துப்பவேண்டும் போல இருந்தது. அவர் மகன் தூக்குக்கு நடந்து பழகுவதை இவர்கள் கல்யாண வீடியோ மாதிரி எடுக்கிறார்கள்!

உம்மு வக்தி செத்த அன்றே வீட்டுக்கு சீல் வைத்து, சாவியை மேஜர் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தார். இப்போதுதான் கதவு திறந்தது. அழுகல் நாற்றம் குப்பென்று வந்தது. "பிண வாடை," என்று மேஜர் விளக்கம் சொன்னார். இளவயசு அரசு வழக்கறிஞர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மணியைப் பார்த்தார்.

அப்பன் என்பதால் ஹாஜியை வாசற்படி வரை விட்டார்கள்.

ரெதா வந்தான். கையில் விலங்கு. முன்பல் இரண்டு காணோம். அப்பனைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். காணாத பற்கள் நினைவுக்கு வந்ததோ என்னவோ, வாயை மூடிக்கொண்டான்.

நாற்காலியில் உம்மு வக்தி உட்கார்ந்திருந்தாள்.

உம்மு வக்தி இல்லை... ஏட்டு ஃபர்கலி! தலையில் கறுப்புச் சால்வை. கைகள் மடியில். இந்த மாதிரி நடித்துக் காட்டும்போதெல்லாம் செத்தவர் வேஷம் அவனுக்குத்தான். குத்துப்பட்ட வியாபாரி, லாரியில் அடிபட்ட கிழவன், ஏமாந்த கல்யாணப் பெண்... எல்லாம் செய்திருக்கிறான். ஸ்டேஷனில் அவனுக்கு 'ஹீரோயின்' என்றே பெயர். அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. பெருமை!

எதிர்ப் பால்கனிகளில் சிரிப்பு.

"எப்படி உள்ள வந்தே?" மேஜர் ஆரம்பித்தார்.

"கதவு வழியா பாஷா."

"அப்புறம்?"

"நீங்க சொன்ன மாதிரிதான் பாஷா."

சிரிப்பு பெரிதானது. மேஜரின் கழுத்து சிவந்தது. கேமராவை நிறுத்தச் சொன்னார். ரெதாவின் காதில் ஏதோ சொன்னார். மறுபடி ஓடவிட்டார்.

"கயிறை எங்கேர்ந்து எடுத்தே?"

"கூடையிலேர்ந்து."

"சபாஷ். எடுத்துக் காட்டு."

ரெதா இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். பால்கனியை எட்டிப் பார்த்தான்.

"கூடை எங்க பாஷா?"

மேஜர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் அடுத்த கான்ஸ்டபிளைப் பார்த்தான். அவனுக்குப் பார்க்க ஆள் இல்லாமல் சுவரைப் பார்த்தான். அரசு வழக்கறிஞர் மறுபடி மணியைப் பார்த்தார். நாற்காலியில் சால்வைக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் நின்றுபோன காட்சி! நல்ல நடிகனுக்கு எரிச்சல் வராதா?

"ஓவனைத் திறந்து பாருங்கடா... அதுக்குள்ளதானே இருக்கு. ஒரு கூடை எடுக்க இவ்வளவு நேரமா?"

சொன்னது பிணம்.

ஒரு கான்ஸ்டபிள் சமையலறைக்குப் போனான். அடுப்புக்குக் கீழே ஓவன் கதவு கிரீச்சிட்டது.

வெளியே வந்தவன் கையில் சிவப்பு பிளாஸ்டிக் கூடை. பச்சைக் கைப்பிடி. ஒடிந்த இடத்தில் துணி. வெள்ளரிக்காய் கறுப்புத் தண்ணீராகி ஒழுகிக்கொண்டிருந்தது. பிண வாடை என்றார்களே... அது!

கைப்பிடியில் நீலக் கயிறு ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கியது. வெட்டிய நுனி.

சால்வை ஆடவில்லை. உள்ளே மூச்சுகூட ஓடவில்லை. ஃபர்கலி முதன்முறையாகப் பிணமாகவே இருந்தான்.

ஹாஜி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். யாரும் தடுக்கவில்லை.

"அன்னிக்கே இந்தக் கூடையைக் கேட்டேன்," என்றார். "சிரிச்சீங்க. சீல் வச்சீங்க. சாவி உங்க பையில. வீட்டை நீங்க யாரும் தேடவே இல்ல. உள்ள இருக்குன்னு ஏட்டய்யாவுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அரசு வழக்கறிஞர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

மேஜர் நஷாத் சாதாரணமான ஆள் இல்லை. ஒரு நொடிதான் திணறினார். சோதனையின்போது ஃபர்கலி பார்த்துவைத்தது, எழுத விட்டுப்போயிற்று என்றார். இஸ்திரிக்காரனே வாக்குமூலத்தில் சொன்னது என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்த வார்த்தைகளை நீக்கிவிட்டு மறுபடி எடுக்கலாம் என்று கேமராக்காரனுக்குக் கைகாட்டினார். கூடையைத் திரும்ப ஓவனில் வைக்கச் சொன்னார். ரெதாவின் கையில் கயிற்றைத் திணித்தார்.

வைத்தார்கள்! நிஜமாகவே கூடையைத் திரும்ப உள்ளே வைத்தார்கள்!

ஹாஜி மகனின் கையைப் பார்த்தார். இவ்வளவும் கண்முன்னால் நடந்தும், அவனுக்குச் சிவப்பு உடுப்புத் தைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது எதிர்ப் பால்கனியிலிருந்து விதைத் தோலைத் துப்பும் சத்தம் கேட்டது.

"பாஷா," என்றாள் தையல்காரி இஹ்ஸான். "நீங்க எதுக்குச் சிரமப்படுறீங்க? என்கிட்ட முழுசா இருக்கு. ஓவன்னு பிணம் பேசினதும் இருக்கு, நீங்க திருப்பி வைக்கச் சொன்னதும் இருக்கு. சத்தம் நல்லா விழுந்திருக்கு. போட்டுக் காட்டட்டுமா?"

"எனக்கும் இருக்கு," என்றது மேல் பால்கனி.

"நான் நேரடியாவே ஊருக்கு ஓட்டிக்கிட்டிருக்கேன்," என்றது கீழே ஒரு குரல்.

மேஜர் நஷாத்தின் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். அட்டென்ஷனில் நின்றார். மறுமுனை மட்டும்தான் பேசியது. வாசல் வரைக்கும் கேட்டது.

சால்வை மெதுவாக எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தது. ஹாஜி காலை நீட்டினார். அவ்வளவுதான் செய்தார். மூட்டை சுமந்த கால்... ஃபர்கலி குப்புற விழுந்தான்.

*

இந்தத் தடவை போலீஸ் பாடம் படித்திருந்தது. ஃபர்கலியின் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஓவனைத் திறந்தார்கள்.

காலி. வளையல்கள் அரிசி டின்னில் இருந்தன. அதை எடுத்துக் கொடுத்தவள் அவன் பெண்டாட்டி. இல்லாவிட்டால் இன்னும் ஓவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றிரவு டிவியில் மேஜர் நஷாத் வந்தார். ஏட்டின் மேல் தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் என்றார். அப்பாவி ஒருவனைப் பிடித்துவைத்தது வலை என்றார். நாற்காலியில் ஏட்டை உட்காரவைத்தது தன் திட்டம் என்றார். பேட்டி எடுத்தவள் வாயைப் பிளந்து கேட்டாள். காப்பிக் கடையில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

ஹாஜி எழுந்து டிவியை அணைத்தார். அது அவர் கடை இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. அதே வீடு. அதே நாற்காலி. அதே கேமரா.

இப்போது ஃபர்கலி நடித்துக் காட்டவேண்டும். ஒரு சிக்கல்... உம்மு வக்தியாக உட்கார ஒரு போலீஸ்காரனும் சம்மதிக்கவில்லை! ஃபர்கலியிடம் கழுத்தைக் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்? உத்தரவு போட்டுப் பார்த்தார் மேஜர். ஒருத்தனுக்குத் திடீரென்று வயிற்றுவலி. கடைசியில் ஒரு தலையணைக்குச் சால்வை போர்த்தி உட்காரவைத்தார்கள்.

"தலையணையோட எப்படி நடிக்கிறது?" என்று ஃபர்கலி முணுமுணுத்தான். ஆனால் பிரமாதமாகத்தான் செய்தான். கயிற்றை அறுத்தான். சுற்றினான். கூடையை ஓவனில் வைத்தான். கேட்காமலேயே காரணமும் சொன்னான்.

"கயிறில்லாத கூடை கண்ணுல பட்டா, கேள்வி வரும்ல பாஷா. அன்னிக்கு நான் டீ போட்டதும் அதுக்குத்தான். ஓவனை மறைச்சு நிக்க ஒரு சாக்கு வேணுமே. நீங்க ரெண்டாவது கிளாஸ் கேட்டப்ப எனக்கு உயிரே திரும்பி வந்துச்சு."

மேஜர் இருமினார். பேச்சை மாற்றினார். எதிர்ப் பால்கனிப் போன்களுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"ஊரே பயந்து கதவைச் சாத்திக்கிட்டிருந்துச்சு. தனியா இருக்கிற பொம்பளைங்க. உனக்கு மட்டும் எப்படிடா கதவைத் திறந்தாங்க?"

ஃபர்கலி அவரை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"நீங்கதானே பாஷா அனுப்பினீங்க? முதல் ரெண்டு வீட்டுல என்னைத் தெரிஞ்சவங்களா தேடிப் பிடிச்சுப் போக வேண்டியிருந்துச்சு. அப்புறம் நீங்க உத்தரவு போட்டீங்க. யார் தட்டினாலும் திறக்காதீங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லுன்னீங்க... அதைக் கேக்கத்தான் திறந்தாங்க."

எதிர்ப் பால்கனிப் போன்கள் எல்லாம் மேஜர் பக்கம் திரும்பின.

கேமராக்காரன் மேஜரைப் பார்த்தான். நிறுத்தவா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

*

கீழே ரெதா அப்பனுக்காகக் காத்திருந்தான். சொந்தச் சட்டை. இஸ்திரி போடாதது. இனி இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

மேஜரின் ஆள் ஒருத்தன் மைக்கோடு வந்தான். காவல்துறைக்கு ஒரு நன்றி சொன்னால் போதும், நஷ்ட ஈட்டு மனு சீக்கிரம் நகரும் என்றான். ஹாஜி அவனை மைக்கோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினார்.

"வாப்பா, இஹ்ஸான் அக்காவுக்காவது நன்றி சொல்லிட்டுப் போவோம்," என்றான் ரெதா. "அந்தப் போன் இல்லன்னா நான் இந்நேரம் சிவப்புல நின்னிருப்பேன்."

ஹாஜி நிமிர்ந்து பார்த்தார். இஹ்ஸான் இப்போதும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரையேதான்.

"உன்னைக் காப்பாத்தவா எடுத்தா? நீ தொங்குறதைப் பார்க்க எடுத்தா. அதுல அவன் மாட்டிக்கிட்டான்," என்றார். ஆனாலும் நெஞ்சில் கை வைத்து அவளுக்கு ஒரு சலாம் போட்டார். அரைச் சலாம்தான்.

திருப்பத்தில் ஒரு புது ஏட்டு எதிரே வந்தான். இளைஞன். மடிப்புக் கலையாத உடுப்பு. மரியாதையாக சல்யூட் அடித்தான்.

தன்னை மேஜர் அனுப்பியிருப்பதாகச் சொன்னான். பயப்பட இனி ஒன்றுமில்லை என்று சந்தில் தனியாக இருக்கும் அம்மாக்களிடம் வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டுமாம். ஹாஜி கூட வந்தால் கதவைத் திறப்பார்களாம்.

ஹாஜி அவனுடைய பூட்ஸிலிருந்து தொப்பி வரை பார்த்தார். மறுபடி தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை பார்த்தார்.

மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த ஏட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"கீழயே நில்லு தம்பி. சொல்ல வேண்டியதைக் கூடையில போடு... மேல இழுத்துக்குவாங்க."